மெதுவாக வந்த எழுத்துகள்

அவர் இறந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அவருடைய மேசையைக் காலி செய்து, நாற்காலியை இன்னொருவர் இழுத்துப் போட்டுக்கொண்டுவிட்டார். அதை நான் குறை சொல்லவில்லை. சரக்கு அனுப்பும் கம்பெனியில் எந்த நாற்காலியும் அதிக நாள் காலியாக இருக்காது. ஆனால் நாற்காலியோடு சேர்த்து அவருடைய நல்ல பெயரையும் தூக்கிப் போடப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் கணினி அறை இருந்தது. அங்கே தமிழர்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் முன்னால் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தனியாக இருக்கும்போது அண்ணன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். நான் குவீன்ஸ்டவுனிலிருந்து வருவேன், அவர் மனைவியோடு மார்சிலிங்கிலிருந்து வருவார். பிள்ளைகள் இல்லை.

வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில் வீட்டுக்குப் பக்கத்தில் உட்லண்ட்ஸில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்து இறந்துபோனார். இன்னும் விடியாத நேரம், தூறல் வேறு. லாரிக்காரர் போலீசிடம் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: "அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் ரோட்டில் இறங்கினார்."

இந்த ஒரு வாக்கியம் போதாதா ஊருக்கு? அவர் பல வருடங்களாகப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படித்துவந்தவர். கணீரென்ற குரல். இறப்பதற்கு ஆறேழு மாதம் முன்பு திடீரென்று, "வேற யாராச்சும் படிக்கட்டும் ஃபாதர்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தவர் கடைசி வரிசைக்குப் போனார். பாட்டுப் புத்தகம் கொடுத்தால் வாங்குவார், திறக்கமாட்டார். விசுவாசம் போய்விட்டது, மனசு சரியில்லை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இப்போது அதையும் லாரிக்காரர் சொன்னதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். தெரிந்தே போய் நின்றாராம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எங்கள் வழக்கப்படி இறந்தவருக்கு முப்பதாம் நாள் பூசை வைப்போம். பூசைக்கு முன் அவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா இன்னும் பெயர் கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ அவருகூடயே வேலை பார்த்தவ. உண்மையச் சொல்லு. ஆபீஸ்ல அவருக்கு ஏதாச்சும் பிரச்சினையா?"

"இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல."

"அப்ப வீட்டுலதான். என்னாலதான்."

"ஏன்க்கா இப்படிப் பேசுறீங்க?"

"எங்கிட்ட பேசுறதையே குறைச்சுட்டாரு. பக்கத்துல உக்காந்திருப்பாரு, எங்கேயோ பார்த்துட்டு இருப்பாரு. அவரு தெரிஞ்சேதான் இறங்குனாரா? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும். தெரியாம பெயர் குடுக்க மாட்டேன். அவங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்குறதுக்கு நான் அங்க உக்காந்திருக்கணுமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரம்தான் ரூட்டர் பிரச்சினை வந்தது. ரூட்டர் என்பது எங்கள் அலுவலகக் கணினிகளையும் கிளை அலுவலகங்களின் கணினிகளையும் இணைக்கும் பெட்டி. அப்போது அது அபூர்வமான பொருள். வந்ததிலிருந்து அண்ணன் ஒருவர்தான் அதைப் பார்த்துக்கொண்டார். புதிதாக ஒரு கிளையைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு டெர்மினலை, அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள ஒரு கருவியை, பெட்டியின் பின்னால் இருக்கும் கன்சோல் என்ற இணைப்பில் கேபிள் போட்டு மாட்ட வேண்டும். மாட்டிவிட்டுத் தட்டினால் அது பதில் சொல்லும். அதுதான் அதோடு பேசும் ஒரே வழி.

மாட்டினோம். பதில் இல்லை. திரையின் மூலையில் சின்னக் கோடு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, கிளைகளுக்குச் செய்தி போகிறது, வருகிறது, விளக்குகள் பச்சையாக எரிகின்றன. எங்களிடம் மட்டும் பேசமாட்டேன் என்கிறது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் அதைத் திட்டியே விட்டேன்.

மேலாளர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவசரக்காரர். கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் இந்த ஊர் ஆங்கிலத்தில் சொன்னார்: "யாரும் உள்ளே போக முடியாதபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் லா. போகப் போகிறோம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான்." திங்கட்கிழமை, பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வருவான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடட்டும், நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார்.

மேலாளர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. அங்கே நடக்கும் பேச்சு அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதே முடிவுக்கு வேறு வழியாக வந்துவிட்டார். பூட்டிவிட்டுப் போனார் என்றால் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களில் மார்சிலிங்காரர்களும் உண்டு. இந்தச் செய்தி அக்கா காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அப்புறம் அவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பெட்டியே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் எல்லோரும் போன பிறகு நான் இருந்துகொண்டேன். பூட்டுத்தான் என்றால் பூட்டு என்று தெரியட்டும். இல்லையென்றால் இல்லை என்று நானே சொல்ல வேண்டும்.

முதலில் கேபிள். இந்தக் கேபிள்களில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் சில கருவிகளுக்கு நேராக வர வேண்டும், சிலவற்றுக்குக் குறுக்காக மாற வேண்டும். தவறாகப் போட்டால் இரண்டு பேரும் பேசுவார்கள், இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள். பல குடும்பங்களில் நடப்பதுதான். இரண்டு விதமும் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. அதே கேபிளை வேறொரு கருவியில் மாட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. டெர்மினலும் நல்லதுதான், அண்ணனுடைய பழையதை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு வாங்கிய புத்தம் புதியது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். கிளைகள் மூடியிருந்ததால் யாரும் கேட்கப் போவதில்லை. விளக்குகள் வரிசையாக எரிந்து பச்சைக்கு வந்தன. திரையில் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது வேகம். டெர்மினலும் பெட்டியும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். இல்லையென்றால் குப்பை எழுத்து வரும், வேகம் ரொம்பவும் விலகியிருந்தால் அதுகூட வராது. எல்லோரும் வைப்பது நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு பிட். அதைத்தான் நாங்களும் முயன்றிருந்தோம். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். நாலாயிரத்து எண்ணூறு, பிறகு அதில் பாதி, பிறகு ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு முறையும் என்டர் விசையைத் தட்டுவேன், காத்திருப்பேன். அதற்குக் கீழே யாரும் வைக்கமாட்டார்கள். சிறு வயதிலிருந்தே எனக்குப் பிடிவாதம் அதிகம், அந்த ஒரே காரணத்தால்தான் முந்நூறும் போட்டுப் பார்த்தேன்.

பதில் வந்தது.

பூட்டு இல்லை. ரகசிய வார்த்தைகூடக் கேட்கவில்லை. பெட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு என்ன வேண்டும் என்று நின்றது. அமைப்பைக் காட்டச் சொன்னேன். எழுத்து எழுத்தாக, இடமிருந்து வலமாக ஊர்ந்து வந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. வேகத்தை முந்நூறாகக் குறைத்த கட்டளையும் அதில் இருந்தது. அவர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.

எதற்கு? நல்ல வேகத்தில் ஒரு நொடியில் நிரம்பும் திரை, இதில் நிரம்ப அரை நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. இரண்டாவது திரை வருவதற்குள் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. யார் இப்படி வேலை செய்வார்கள்? ஓடும் வரிகளைப் பிடிக்க முடியாதவர்தான் செய்வார். ஒவ்வொரு எழுத்தாக வந்தால்தான் படிக்க முடியும் என்கிறவர்.

அவர் திரையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன அண்ணே, டெர்மினலை மோந்து பார்க்கிறீங்களா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். அவர் டெர்மினலை வேறு யாரும் தொட விடமாட்டார், தனக்கென்று ஒன்று இருந்தால் போதும் மனிதருக்கு என்று நினைத்துக்கொள்வேன். சர்க்கரை வியாதி அவருக்கு ரொம்ப வருடமாக உண்டு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கீழே ஸ்டோருக்குப் போய் அவருடைய பழைய டெர்மினலைத் தேடி எடுத்து மின்சாரம் கொடுத்தேன். வேகம் முந்நூறில் நின்றிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டும் திருகு கடைசிவரை திருகப்பட்டிருந்தது. கண் கூசியது, என்னால் அந்தத் திரையை நேராகப் பார்க்க முடியவில்லை. அவர் நாள் முழுதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலாளர் வீட்டுக்குப் போன் செய்து, பூட்டு இல்லை, வேகம்தான் மாறியிருந்தது, இப்போது பேசுகிறது என்று சொன்னேன். "ஓ, ஓகே லா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. மேலிடத்துக்கு எதுவும் எழுதவேண்டாம் என்றேன், சரி என்றார். அதன்பிறகு புதிதாகத் திறந்திருந்த ஈசூன் ஸ்டேஷன்வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மார்சிலிங் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஆறுதலான செய்திதான் கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்த அக்கா, என் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அண்ணனுக்குக் கண்ணு தெரியாம போய்க்கிட்டு இருந்திருக்கு."

அவர் நின்றபடியே கேட்டார். வேகத்தைப் பற்றி என்னால் முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். திரை வெளிச்சத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேப்பர என்னையப் படிக்கச் சொல்வாரு. சோம்பேறித்தனம்னு திட்டுவேன்" என்றார்.

நான் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"பஸ் வந்தா பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட இது என்ன நம்பர்னு கேப்பாரு. கண்ணு முன்னாடி இருக்குறது தெரியலையான்னு சொல்வேன்." பிறகு, "வாசகம் படிக்கிறத விட்டதும் இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான்க்கா இருக்கும். வேலை போயிடும்னு பயந்து யாருக்கும் சொல்லல போல. அந்த லாரிக்காரர் சொன்னாரே, பார்த்துக்கிட்டே இறங்கினார்னு. அண்ணன் அந்தப் பக்கம் பார்த்திருப்பாரு. லாரி தெரிஞ்சிருக்காது. இருட்டு, மழை."

அக்கா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன். வரவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். மூன்று வாரமாக அவர் குரலில் இல்லாத கோபம் அப்போது வந்தது. புருஷனிடம் நேருக்கு நேர் சண்டை போடும் மனைவியின் கோபம்.

"ஏன்யா, எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது? தினமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனேய்யா!"