கூடு கழுவுகிறவர் கேட்ட மூச்சு

பத்மநாதன் கிளிநொச்சியில் பதினான்கு வருடம் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவர். 1994இல் ரொறொன்ரோவில் ஒரு தனியார் மிருக வைத்தியசாலையில் நாய்க்கூடு கழுவினார். இந்த நாட்டுப் பரீட்சை எழுதாதவரை அவருடைய படிப்பு செல்லாது. அதற்குப் படிக்க, பகலும் இரவுமாகப் பார்த்த இரண்டு வேலைகள் நேரம் விட்டால்தானே. நாய் கொண்டுவருபவர்களுக்கு யோசனை சொன்னதாக ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு தடவை சொன்னால் வேலை போய்விடும்.

ஒக்டோபர் குளிரில் குணவதி தன் கிழட்டுப் பெட்டை நாயோடு வந்தாள். தெரிந்த ஆங்கிலத்தில் தும்மலை மட்டும் சொன்னாள். டொக்டரும் மூக்கை மட்டும் பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்தார்.

வெளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பத்மநாதனின் கை நின்றது. நாய் படுத்தபடியே நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தது.

"என்ன வருத்தம், தங்கச்சி?"

"தும்மல், அண்ணை. நான் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்தை எடுத்தால் காணும், தும்மும். கூடாத சகுனமாம். ஆருக்கும் குடுத்துவிடு எண்டு இவர் நிக்கிறார்."

"தன்னையும் கூட்டிக்கொண்டு போவியள் எண்ட சந்தோசத்திலை தும்முது. மனிசன் தும்மினால் அவரையும் குடுத்துவிடுவியளோ?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இளைப்பு எப்ப தொடக்கம்?"

"ரெண்டு நாளா. ஹீற்றர் கூடிப்போச்செண்டு நினைச்சன். தண்ணியும் வாளிக் கணக்கிலை குடிக்குது. சாப்பாடு தொடேல்லை."

அவர் வீங்கிய வயிற்றைப் பார்த்தார். "ஓடாமல், வெக்கையில்லாமல் இப்பிடி இளைச்சால் உள்ளுக்கை ஏதோ பிழை. கருப்பையிலை சீழ் கட்டியிருக்கு எண்டு நினைக்கிறன். வீட்டை போகாதேங்கோ. வயித்தைப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. நாளைக்கெண்டால் நாய் மிஞ்சாது."

"நீங்கள் ஆர், அண்ணை?"

"கூடு கழுவுறனான்."

குணவதி அவருடைய துடைப்பத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். பிறகு உள்ளே டொக்டரிடம் திரும்பிப் போனாள்.

அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை நடந்தது. சீழ்தான்.

மூன்றாம் நாள் நாயைக் கூட்டிப்போக வந்தவள், நன்றி மறக்காதவளாக, அவரைக் கைகாட்டி டொக்டரிடம் உள்ளதையெல்லாம் சொன்னாள். அவள் போனதும் டொக்டர் அவரை அழைத்தார். நோயைச் சரியாகவே சொன்னாராம். ஆனால் சொல்லும் உரிமை அவருக்கு இல்லையாம். உயிர் பிழைத்தது கண்முன்னே நடந்துபோகிறது. குற்றமோ பிழைக்க வைத்தவர் மேல். எச்சரித்தபடியே வேலை போனது. பத்மநாதன் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார்.

பஸ் தரிப்பில் குணவதி நாயோடு நின்றாள்.

"வேலை முடிஞ்சுதோ, அண்ணை?"

"ஓம். முடிஞ்சுது."

அவர் குந்தியிருந்து நாயின் உதட்டை உயர்த்திப் பல் முரசைப் பார்த்தார். நல்ல சிவப்பு. விலாவில் கைவைத்து மூச்சை எண்ணினார். இனி யாரிடமும் ஒளிக்கத் தேவையில்லை.

"பத்து நாளிலை தையல் வெட்டோணும். அதுவரைக்கும் படியேற விடாதேங்கோ," என்றார்.