என் பேரில் படுத்த மச்சான்

என் இதயத்தை முதல் தடவை ஸ்கேன் எடுத்தபோது நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் பேரைச் சொல்லிப் படுத்திருந்தவன் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி.

இதை மோசடி என்று முகம் சுளிப்பவர்கள் ஒரே ஒரு நாள் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டிப் பார்க்கட்டும். துறைமுக கேட்டுக்குள் நுழைய திருவொற்றியூரைத் தாண்டியும் வண்டிகள் வரிசையில் நிற்கும். அரை நாள் ஆகும், சமயத்தில் முழு நாளும் ஆகும். அதற்குள் ஒருவன் குளிக்கப் போவான், ஒருவன் பிரியாணி தின்னப் போவான், வீடு பக்கத்தில் இருப்பவன் போய்த் தூங்கியே விடுவான். சாவி வண்டியில் தொங்கும். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவன் தன் வண்டியோடு முன்வண்டியையும் நகர்த்திவைப்பான். யார் வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு பயலும் கேட்க மாட்டான். இருபத்தாறு வருஷமாக இப்படிப் பிழைத்தவனிடம் வந்து, உன் நெஞ்சைக் காட்ட நீயேதான் வர வேண்டும் என்றால் அதெல்லாம் எனக்கு எப்படிப் புரியும்?

எங்கள் முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான்கு டிரெய்லர் வைத்திருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததில் அவருக்குக் கிலி பிடித்துவிட்டது. நாற்பத்தைந்து வயது தாண்டிய டிரைவர்கள் எல்லோரும் இதய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வலி வருவதற்கு முன்பே ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அந்த மெஷின் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு முன்னால் போனவருக்குக் காட்டிக்கொடுத்தது. இப்போது அவர் லாரிகள் நிறுத்தும் யார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

எனக்கு ஐம்பத்தொன்று. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தொப்பையும் கூடவே திரும்பும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். அவ்வப்போது நெஞ்சில் எரியும். பன்னீர் சோடா குடித்து ஏப்பம் விட்டால் போய்விடும். எங்கள் பக்கத்தில் நெஞ்சுக்குள் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். ஆனாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. பயந்தவனுக்குத்தான் யோசனை வேகமாக வரும்.

மச்சானுக்கு நாற்பத்தேழு. ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி வேலை. பீடி, சிகரெட், தண்ணி, எதுவும் கிடையாது. தினமும் காலையில் ஓடுவான், சாயங்காலம் கொருக்குப்பேட்டை மைதானத்தில் கால்பந்து ஆடுவான். இதோடு நின்றால் பரவாயில்லை. என் தட்டில் மாட்டுக்கறி வறுவலைப் பார்த்தால் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு இருந்த ஒரே கோளாறு பல். ஓடும்போது இடது தாடை வலிக்கிறது என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகும் வலித்ததால், பிடுங்கியவன் பல் மாறிப் பிடுங்கிவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு ஒரே குஷி.

"உடு மாமா. என் நெஞ்சப் பாத்துட்டு அந்த மெஷினே எனக்கு சலாம் போடும். உனுக்கு ஒரு சர்டிபிகேட்டு, எனக்கு ஒரு பிரியாணி. முட்டை ரெண்டு."

ஸ்கேன் சென்டரில் பேரும் போன் நம்பரும் கேட்டார்கள். என் ஆதார் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். ஆதார் போட்டோவில் யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம் என்பது ஆண்டவன் எங்களுக்குக் கொடுத்த வரம். கால் மணி நேரத்தில் மச்சான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

"ஊசி இல்ல, மருந்து இல்ல. நெஞ்சுல ஸ்டிக்கர ஒட்டி, கைய மேல தூக்கிகினு படுக்க சொன்னாங்க. மூச்சப் புடின்னு ஒரு குரலு வந்துச்சு. ஏசி இன்னா சில்லுனு கீது தெரியுமா? கண்ணு சொக்கிடுச்சு."

மூன்றாம் நாள் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் கவர் இருந்தது.

"சாவிய இங்க வையும்வே. டாக்டர் சொல்லுத வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. உம்ம வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ரிப்போர்ட்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. பத்தாம் வகுப்பில் மொத்த மார்க்கே ஐந்நூறுதான். அதற்கும் மேலே பன்னிரண்டு வாங்கியிருக்கிறோமே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பூஜ்யம்தான் முதல் மார்க் என்று முதலாளி விளக்கினார். இதயக்குழாயில் அவ்வளவு சுண்ணாம்பாம், உடனே இதய டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் நெஞ்சே இல்லையே அது! எனக்கு ஒன்றும் இல்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று பெட்டிக்கடையில் ஒரு சிகரெட்டை வாங்கிப் பற்றவைத்தேன்.

இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். என் நெஞ்சு இல்லையென்றால் அது யாருடைய நெஞ்சு? என் மரமண்டையில் அது அப்போதுதான் ஏறியது. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து கொருக்குப்பேட்டை போனேன். மச்சான் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். நிற்கச் சொல்லிக் கத்தினேன். இன்னும் இரண்டு ரவுண்டு என்று விரலைக் காட்டினான். குறுக்கே ஓடிப்போய் பனியனைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் நெற்றி வேர்வை என் மேல் தெறித்தது.

"உன் பேரு போட்ட சீட்டு மாமா. உன் நோவுதான் அதுல வந்துகீது. மெஷினுக்குத் தெரியாதா எது யாருதுன்னு?"

"டேய், மெஷினு பேரு பாக்காது. உள்ளே கீறத பாக்கும்."

"ஞாயித்துக்கெயம மேட்ச்சு கீது. நாப்பது வயசுக்கு மேல ஆடுறவங்க மேட்ச்சு. பேஜாரு பண்ணாம வூட்டுக்குப் போ."

"உங்க நைனா எப்டி செத்தாரு?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. என் மாமனார் நாற்பத்தெட்டு வயதில், டீ கிளாசைக் கையில் பிடித்தபடியே சரிந்தவர். அவருக்கும் கேஸ் என்றுதான் சொன்னார்கள். மச்சான் என் கையை உதறிவிட்டுப் பந்தை எடுக்கப் போய்விட்டான்.

இனி ஒரே ஒரு வழிதான். வீட்டில் உண்மையைச் சொன்னால் என் மனைவி அவனைக் காதைப் பிடித்து இழுத்துப்போவாள். ஆனால் முதலாளிக்கும் தெரிந்துவிடும். பொய் ஆள் அனுப்பியவனுக்கு எவன் வண்டி கொடுப்பான்? பொய்யாக இரண்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு மாதம் கழித்து இன்னொரு ஆளை அனுப்பி நல்ல ரிப்போர்ட் வாங்கிவிடலாமே என்றுகூட ஷேர் ஆட்டோவில் கணக்குப் போட்டேன். அப்படி நினைத்தவனும் நான்தான். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

முதலாளியின் போன் வந்திருந்ததால் வீட்டில் கருவாட்டுக் குழம்பைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். உப்பில்லாத சுரைக்காய் அடுப்பில் இருந்தது. என் மனைவி அழுது அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அது என் நெஞ்சு இல்ல," என்றேன்.

"அப்ப யாருது?"

"உன் தம்பிது."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டாள். "கசுமாலம், சோமாறி" என்று தொடங்கி, எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் வரை திட்டித் தீர்த்தாள். அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். நான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அக்காவிடம் மச்சானின் ஜம்பம் செல்லவில்லை. மறுநாளே பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா பேர் மாறிய கதையைக் கேட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஓடும்போது எங்கேயாவது வலிக்குமா என்று கேட்டார். நெஞ்சு வலியே கிடையாது, பல் மட்டும் வலிக்கும், நின்றால் போய்விடும் என்றான் மச்சான். அவர் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

"பிடுங்கினது நல்ல பல்லாத்தான் இருந்திருக்கும். உங்க இதயம்தான் தாடையில வலியைக் காட்டியிருக்கு."

ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் முக்கியமான குழாய் ஒன்றில் நூல் போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி கேட்டாள். டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

முதலாளியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். பத்து நிமிஷம் கத்தினார். அவர் ஊர் வசவெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு தண்ணீர் குடித்தார்.

"உம்ம பேர்ல ஒரு ஸ்கேன் இன்னும் பாக்கி இருக்குவே. இந்தத் தடவை நான் வாசல்ல நிப்பேன்."

அவர் நிற்கவில்லை, என் மனைவி நின்றாள். மச்சானும் வந்திருந்தான். பத்து கிலோ மெலிந்தவனைப் போல மெல்ல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். என் பேரைக் கூப்பிட்டதும் நான் எழுந்திருக்காமல் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் என் தொடையைத் தட்டினான்.

"இன்னா மாமா, நா வோணா போயி படுத்துகினு வரட்டா?"

என் மனைவி அவனை முறைத்த முறைப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டையைக் கழற்றிப் படுத்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவன் கண் சொக்கிய அதே இடத்தில் நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தேன். மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல், விடச் சொல்ல மறந்துவிட்டதோ என்று பயந்தேன்.

என் மார்க் முப்பத்தொன்று. மாத்திரை போட வேண்டும், சிகரெட்டை அடியோடு விட வேண்டும், வண்டி ஓட்டலாம் என்றார்கள். மச்சான் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான்.

"முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸு? மாமா, நீ ஃபெயிலு!"

ஸ்கேன் சென்டரே திரும்பிப் பார்க்கும்படி வாயைத் திறந்து சிரித்தான். இடது பக்கம் அந்தப் பல் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் என் ரிப்போர்ட்டை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.