பினாங்குச் சித்திக்குப் பள்ளிவாசல் காட்டிய நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பினாங்கிலிருந்து சித்தி வந்தாள். சித்தப்பா அந்தத் தீவில் ஒரு துணிக்கடையில் பத்து வருஷம் வேலை பார்த்து, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். மூன்று மாத லீவில் ஊரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று செஞ்சிக் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. சித்தியின் பூப்போட்ட குடையைப் பார்க்கவே எங்கள் மளிகைக்கடைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றும் வாங்கவில்லை என்பது நைனாவின் குறை.

காலையில் என்னைக் கண்டதும் சித்தி, "பசியாறியாச்சா பாப்பா?" என்பாள். இட்லி தின்பதற்கு இவ்வளவு அழகான பேர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம்கூட ஒருநாள் பசியாறியாச்சா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோட்டைக்குள் பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது என்று பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன். தலை வாரிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்துவிட்டாள்.

"நெஜமாவா? நீ பாத்திருக்கியா?"

பினாங்கில் அவள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பழைய பள்ளிவாசலாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதன் முற்றத்தில்தான் விளையாடுமாம். மழை வந்தால் தாழ்வாரத்தில் ஒதுங்குமாம். "இதையும் பாத்துட்டா அப்பாகிட்ட போய்ச் சொல்லலாம் லா" என்றாள், அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

சித்தப்பா அன்று அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிருந்தார். நைனா, "கொரங்கு இருக்குது, பாம்பு இருக்குது, இன்னாத்துக்கு இப்போ கோட்டை?" என்றார். அம்மாதான், "பகல்தானே, போய்ட்டு வரட்டும்" என்று ஒரு சுருக்குப் பை நிறைய வேர்க்கடலை கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

பெரியவர் ஒருவருக்கு நான் வழிகாட்டியாகப் போவது அதுதான் முதல் தடவை. திருவண்ணாமலை ரோடு முழுக்க நிறுத்தாமல் பேசினேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை உண்டாக்கிச் சொன்னேன். கார்த்திகை மழையில் அகழி தளும்பிக்கொண்டிருந்தது. அதில் முதலை இருந்ததாகவும் அதற்கு நானே பொரி போட்டதாகவும் சொன்னபோது சித்தி நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்து, குடையே ஆடும்படி சிரித்தாள்.

ராஜகிரி மலையடியில், பள்ளிவாசலின் முகப்பில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், "செருப்ப இங்கியே உட்டுட்டுப் போம்மா" என்றார். சித்தி குனிந்து செருப்பைக் கழற்றிய நேரம் பார்த்து ஒரு கிழட்டுக் குரங்கு குடையைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. சித்தி கத்த, வாட்ச்மேன் கழியைத் தூக்க, குரங்கு குடையின் துணியைக் கடித்துப் பார்க்க ஆரம்பித்தது. நான் பையை அவிழ்த்து வேர்க்கடலை மொத்தத்தையும் தரையில் கொட்டினேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, குடையைப் போட்டுவிட்டுக் குரங்கு கீழே குதித்தது. "கெட்டிக்காரப் பொண்ணு" என்று சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். ராஜகிரி உச்சியில் நானே கொடி ஏற்றியதுபோல் இருந்தது.

உள்ளே கல் குளிர்ந்திருந்தது. சித்தி ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தாள். வளைவுகளுக்குக் கீழே நின்று மெதுவாகத் தன் பெயரைச் சொல்லி, அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டாள். பிறகு என்னையும் சொல்லச் சொன்னாள். இருவரும் மாறி மாறிக் கத்தி, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினோம். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டாள். "பொங்கல் முடிஞ்சு கப்பல் ஏறிட்டா, இதையெல்லாம் மறுபடி எப்போ பாக்கப்போறேன்?"

எனக்குப் பாவமாகிவிட்டது. என்னிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. நைனாவும் சித்தப்பாவும் கடையில் பேசிக்கொண்டதை முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். பொங்கலன்று சொல்லிச் சித்தியை அசத்துவதற்காக ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க போவப்போறதே இல்லியே சித்தி! பக்கத்துக் கடைய சித்தப்பா எடுத்துட்டாரு. போர்டு எழுதக் குடுத்தாச்சு. உங்க பேருதான்!"

சித்தி குடையைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"அவங்களே பேசிக்கினாங்க. இனிமே இங்கதான். தெனமும்கூட இங்க வரலாம்."

அவள் எழுந்து மறுபடி உள்ளே போனாள். நான் படியில் உட்கார்ந்து குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு தூணில் நெற்றியை வைத்துத் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்த மலை உச்சிக்குப் போனா கடல் தெரியுமா?"

"கடலா? இங்கியா?" என்று நான் சிரித்தேன்.

சித்தப்பாவிடம் அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. யார் சொல்லித் தெரிந்தது என்பதை மட்டும் அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் கடை திறந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். பினாங்கில் அவள் அப்பா காலமான தந்தியும் அந்தக் கடைக்குத்தான் வந்தது.

ஆனால் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் வகுப்பில் ஒவ்வொருத்தியையும் பிடித்து நிறுத்திச் சொன்னேன்: எங்கள் சித்தி இங்கேயே இருக்கப்போகிறாள், அதை நான்தான் முதலில் சொன்னேன், சந்தோஷம் தாங்காமல் அவள் அழுதே விட்டாள்.