சூடேறாத ஓவன்

அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு சிமெண்ட் ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் மலர்க்கொடிக்குச் சமையல் வேலை கிடைத்தபோது, அவள் அம்மா ஆண்டாயி அதை லேசில் நம்பவில்லை. ஆண்டாயி காலமெல்லாம் பிறர் வயலில் களை பறித்தவள். கூலி வாங்கப் போனாலும் நிலக்காரர் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை.

"யாரு வூட்டுப் புள்ளன்னு கேக்கலயா?" என்றாள்.

"வடக்கேருந்து வந்த மேனேஜரும்மா. குழம்ப ருசி பாத்தாரு, நாளைக்கே வந்துடுன்னுட்டாரு."

மலர்க்கொடியின் கணவன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கெஸ்ட் ஹவுஸ் அடுப்படிச் சாவி இடுப்பில் ஏறிய பிறகு மலர்க்கொடியின் நடையே மாறிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். மாறத்தான் செய்தது.

அவளுடைய அண்ணன் கண்ணையன் திருச்சியில் தொழில் பழகி வந்து, அரியலூர் கடைவீதியில் சின்னதாக ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்தான். கெஸ்ட் ஹவுஸில் ஃபேன் நின்றுபோன ஒரு கோடையில், "எங்க அண்ணன் நல்லா பாப்பாரு சார்" என்று அவள்தான் அவனை உள்ளே அழைத்து வந்தாள். அதன்பின் ஆலைக் குடியிருப்பிலும் அவனுக்கு அவ்வப்போது வேலை வந்தது.

எண்பத்தேழில், வெளிநாட்டு இன்ஜினீயர்கள் வந்து தங்குவதற்காகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு மைக்ரோவேவ் ஓவன் வந்தது. கொண்டுவந்த இன்ஜினீயரே அவளுக்கு அதைப் பழக்கிக் கொடுத்தார். கண்ணாடியும் பீங்கானும் மட்டும்தான் உள்ளே போகலாம், உலோகம் எதுவும் கூடாது. அன்றே அவள் கண்ணாடிக் கிண்ணங்களைத் தனி அலமாரியில் எடுத்து வைத்தாள். ஓவன் பக்கத்தில் ஒரு கரண்டியைக்கூட வைக்க விடமாட்டாள். கூட்டிப் பெருக்க வரும் ரத்தினம்மாள், "என்னடி, சாமி பொட்டி மாதிரி காக்குற" என்று சிரிப்பாள்.

கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டவர் கிருஷ்ணமூர்த்தி என்ற ஆபீசர். அவர் வீட்டு டிவியில் வோல்டேஜ் குறைந்து படம் சுருங்கிச் சுருங்கி விழுந்தது. ஓவனுக்கென்று வாங்கிய ஸ்டெபிலைசரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். கண்ணையன்தான் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தான்.

"அது இல்லாம ஓவன போடலாங்களா சார்?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே. போடு" என்றார் அவர்.

ஒரு மத்தியானம், ஆலையில் கல் அரைக்கும் பெரிய மில்லை நிறுத்தியதும் வோல்டேஜ் எகிறி, அடுப்படி பல்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. ஓடிக்கொண்டிருந்த ஓவன் அடிவயிற்றிலிருந்து உறுமியது. அவள் உடனே அணைத்துவிட்டாள். மறுபடி போட்டுப் பார்த்தபோது உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, உறுமலும் நிற்கவில்லை. சாப்பாடு மட்டும் சூடாகவில்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஓடவிட்டு, எடுத்து விரலை விட்டுப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீராகவே இருந்தது. அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள்.

லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்காரர் வீடுகளில் இரண்டொரு ஓவனைத் திறந்து பார்த்த பழக்கம் கண்ணையனுக்கு உண்டு. வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றினான். மலர்க்கொடி டார்ச் பிடித்தாள்.

"கிட்ட வராத. கரண்ட புடுங்குனாலும் இதுக்குள்ள நிக்கும். தொட்டா ஆள அடிச்சிடும்" என்றவன், ரப்பர் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் கெபாசிட்டரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு, தேங்கியதை இறக்கினான். பிறகு மீட்டரை எடுத்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரும் சரி. கடைசியில் விரல்நீளத்துக்குக் கறுப்பாக இருந்த ஒரு பாகத்தைக் கழற்றி மீட்டரில் வைத்தான்.

"இது டையோடு. கரண்ட ஒரு பக்கம்தான் விடணும். மாத்தி வச்சாலும் முள்ளு ஓடுது பாரு. வெந்துபோச்சு."

"நான் எதாச்சும் பண்ணிட்டனாண்ணே?"

அவன் டார்ச்சை வாங்கி ஓவனின் உள்சுவரெல்லாம் அடித்துக் காட்டினான். "பாத்திரம் வச்சிருந்தா பொறி பறந்து கரி புடிச்சிருக்கும். ஒரு பொட்டுக்கூட இல்ல. இது வோல்டேஜ் ஏறுன கோளாறு. ஸ்டெபிலைசர் இருந்திருந்தா ஆயிருக்காது."

"சார் கேட்டா இத அப்படியே சொல்லிடு."

"சொல்லாம?" என்றான்.

மறுநாள் கிருஷ்ணமூர்த்தி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கண்ணையன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"மேனேஜர் யார் கெடுத்ததுன்னு கேக்கறார். நீ சொல்லுப்பா" என்றார் அவர்.

கண்ணையன் சுவரைப் பார்த்தான். "எவர்சில்வர் கிண்ணம் வச்சிருக்கு சார். பொறி பறந்து ஒரு பார்ட்டு போயிடுச்சு. படிக்காதது, தெரியாம வச்சிடுச்சு. நான் சரிபண்ணிக் குடுத்துடறேன்."

அவன் வேறு யாரையோ சொல்கிறான் என்றே மலர்க்கொடிக்கு முதலில் பட்டது.

"அண்ணே, நேத்து நீதான டார்ச் அடிச்சுக் காட்டுன?"

"நீ சும்மா இரு மலரு. சார் உனக்குக் கெட்டது பண்ணமாட்டாரு."

"வேலையை விட்டு எடுக்கலைம்மா. நாளையிலேருந்து தோட்டமும் பாத்ரூமும் பார்த்துக்கோ. அடுப்படிக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

அவள் சாவியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி, லாரிகள் புழுதி கிளப்பும் ரோட்டில் அழாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் கண்ணையன் வந்தான். அடிக்க எழுந்த அரியமுத்துவை அவள்தான் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஸ்டெபிலைசர கொண்டுபோனது நான். அது வெளிய வந்தா அவரோட சேத்து என்னையும் புடிப்பாங்க. ஆலைக் குடியிருப்புக்குள்ளயே நான் கால் வைக்க முடியாது. உனக்குன்னா ஒரு வேலையாச்சும் மிஞ்சுதுல்ல" என்றான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அந்த சாரு சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டுருப்பேன்" என்றாள் மலர்க்கொடி. "எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும்லண்ணே."

 அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மெட்ராஸிலிருந்து டையோடு வாங்கி வந்து மாட்டி, ஓவனை அவன் சரிசெய்துவிட்டான். ஆலைக் குடியிருப்பு முழுவதும் ஃபேன், டிவி வேலை அவனுக்கே என்று ஆயிற்று. ரத்தினம்மாள் இதையெல்லாம் வந்து சொல்லிப் போவாள். மலர்க்கொடி தடுக்கவும் இல்லை, மேலே கேட்கவும் இல்லை. தோட்ட வேலைக்கு அவள் போகவேயில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பஞ்சநாதன் என்பவர் நடத்திய மெஸ்ஸில் சேர்ந்தாள். காலையிலிருந்து சட்டி சட்டியாகச் சோறு வடிக்கும் வேலை. கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம், நிஜமாகத்தான் சொல்கிறார்களா என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அடுத்த வருஷமே மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி என்று ஆண்டாயி வந்து உட்கார்ந்துகொண்டாள். "பொண்ணுக்கு ஒரு கொறையா போயிடும்டி. கூடப் பொறந்தவன்தானே?"

"புள்ளைக்குச் செய்யறத நான் தடுக்கல. வரச் சொல்லும்மா" என்றாள் மலர்க்கொடி.

கண்ணையன் தட்டு வரிசையோடு வந்தான். பட்டுப்பாவாடை நல்ல நிறத்தில் எடுத்திருந்தான். மாலை போட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தான். பந்தி நடக்கும்போது சாப்பிடக் கூப்பிடுவாளா என்று பந்தல் காலோரம் ஒதுங்கி நின்று தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் மனைவியின் கையைப் பிடித்து, "அண்ணி, நீங்க வாங்க, சாப்பிடலாம்" என்று கூட்டிப்போனாள். இலை போட்டு, பக்கத்தில் இருந்து பரிமாறினாள். திரும்பி வந்து பார்த்தபோது பந்தல் காலோரம் யாரும் இல்லை.