லைசென்ஸ் வருமுன் வாங்கிய சூட்

வீடு விற்கும் முகவர்களுக்கான சோதனையில் மூன்றாம் முறைதான் தேறினேன். ஆனால் லைசென்ஸ் வருமுன்பே சூட் வாங்கிவிட்டேன். லைசென்ஸ் உள்ள என் நண்பன் ரஞ்சன், நகரின் கிழக்கே விட்பியில் ஒரு வீட்டை வாங்க வருபவர்களுக்குக் காட்டவேண்டிய நாளில், மேற்கே மிசிசாகா வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டான்.

“வாசல்ல தொங்குற சாவிப்பெட்டியைத் திறக்கிற நம்பரைத் தா மச்சான், நான் காட்டுறன்” என்று போனில் சொன்னேன்.

“உனக்கு இன்னும் லைசென்ஸ் வரேல்லையடா!”

“சூட் வந்திட்டுதே!”

சிரித்தபடி தந்தான். வாசல் கமெராவில் முன்பின் தெரியாத என் முகத்தைக் கண்ட வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார். விசாரணையில் ரஞ்சனின் லைசென்ஸ் போய்விட்டது; எனக்கு வரவேண்டியதும் வரவில்லை. மூன்று பிள்ளைகளின் தகப்பன் இப்போது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். என் அழைப்பை எடுப்பதில்லை.

இப்போதெல்லாம் வீட்டுக் கதை வந்தால், “எனக்கு லைசென்ஸ் இல்லை” என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.