வியாழக்கிழமைகளைக் குறித்து வைத்தவள்

என் மகளின் அணியில் விளையாடுகிற ஒரு பிள்ளையின் தாய் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தாங்கள் கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்ல வேண்டாம். லேசான பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிகிற பொறாமை. நான் ஒஸ்லோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கியே என் இடுப்புப் போய்விட்டது. அவள் சென்னையிலிருந்து வந்து நாலு வருடம்தான். கணினி வேலை, வெஸ்ட்லியில் வீடு. நோர்வேஜிய மொழியில் பத்துச் சொல் தெரியாது. ஆனாலும் எல்லாரும் அவளோடு ஆங்கிலத்தில் விழுந்து விழுந்து பேசுவார்கள். நான் அவர்களுடைய மொழியிலேயே பிழையில்லாமல் ஒன்று கேட்டால், "என்ன சொன்னீர்கள்?" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஹாண்ட்போல் விஷயத்தில்.

நாங்கள் இருக்கிற ரொம்மனில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே விளையாட்டு மண்டபம். என் மகள் ஏழு வயதிலிருந்து அங்கே ஹாண்ட்போல், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம், விளையாடுகிறாள். அந்தக் கழகத்துக்காக நான் செய்யாத டுக்னாட் இல்லை. டுக்னாட் என்றால் பெற்றோர் எல்லாரும் கூடிச் சும்மா செய்துகொடுக்கிற வேலை. வாஃபிள் சுட்டேன், தரை கூட்டினேன், முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு அணியோடு ஊர் ஊராகப் போனேன். பிள்ளைகளோடு போகிறவள் என்பதால் என்னிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். பயிற்சியாளரிடமும் அதே சான்றிதழ் இருந்தது.

அவளுடைய மகள் வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகவில்லை. என் மகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது, பதினாலு. இலையுதிர்காலம் தொடங்கியதும் பயிற்சியாளர் அந்தப் பிள்ளையை ஆட்டத்தில் இறங்கும் முதல் அணியில் போட்டார். என் மகளை ஆட்டத்துக்கு எடுக்காமல் ஓரத்து வாங்கில் இருத்தினார். ஏழு வருடம் ஓடிய பிள்ளை வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறது. பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும்?

நானும் என் பங்குக்குச் செய்யாமல் விடவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்கு எதையாவது சொல்லிக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் நேரே போய், "உங்கட பிள்ளை மாதிரிப் பாருங்கோ" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வருவோம். அதற்குப் பிறகு அவரைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை. அதையேதான் வீட்டில் பொரித்த ஒரு பெட்டி றோல்ஸையும் கையில் கொடுத்து இந்தப் பயிற்சியாளருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். இந்த நாட்டுப் பெற்றோர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்தார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளையின் தாய் முறுக்கோடு வந்து அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். சென்னைக்காரிக்கும் அந்தப் பழக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முறுக்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. என்னுடைய றோல்ஸ் பாதி அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் குசினி ஜன்னலால் பார்த்தால் மண்டபத்தின் கார்த் தரிப்பிடம் தெரியும். ஒரு வியாழக்கிழமை வேலையால் வந்து தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பிள்ளை தனியாக மண்டபத்திலிருந்து வருவதைக் கண்டேன். பின்னால் பயிற்சியாளர். இரண்டு பேரும் அவருடைய சாம்பல் நிறக் காரில் ஏறிப் போனார்கள். வியாழக்கிழமை அணிக்குப் பயிற்சியே கிடையாது. அடுத்த வியாழனும் அதுதான். ஓகோ, தனிப் பயிற்சி! அதுக்கு மேலே வீடுவரை கார் வேறு! என் மகள் பள்ளிக்கூடத்துக்கு மழையிலும் பனியிலும் நடந்து திரிகிறாள், மகாராணிக்கு முன் சீட்டில் சவாரி!

அன்றிலிருந்து கைபேசியில் குறித்து வைக்கத் தொடங்கினேன். வியாழன், ஐந்து நாற்பது, முன் சீட். வியாழன், ஐந்து ஐம்பத்தைந்து, முன் சீட், காரிலேயே கன நேரம் இருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆதாரத்தோடு கேட்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

"நீர் என்ன சிஐடியே?" என்றார் கணவர். "உமக்கு எரிச்சல், வேறை ஒண்டுமில்லை."

"ஓம், எரிச்சல்தான். எரியாமல் குளிருமே?" என்றேன்.

கூட்டம் வந்தது. அவள் ஏதோ வேலைப் பயணம் என்று வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். "ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் தனிப் பயிற்சி? மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டேன். கழகத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று பொறுப்பாக இருந்த பெண்ணும் அங்கே இருந்தாள். தலையாட்டி ஏதோ எழுதினாள். பயிற்சியாளர் அமைதியாக, "ஆர்வமுள்ள பிள்ளைக்கு நேரம் கொடுக்கிறேன்" என்றார். யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் நியாய அநியாயக் கணக்காகக் கேட்டேன்; அவர்களுக்கும் அது அப்படியே கேட்டது. கூட்டம் முடிந்து சப்பாத்துப் போடும்போது அவர் என்னிடம் வந்து, "உங்கள் மகளும் வரலாம். செவ்வாய்க்கிழமை, தனியாக" என்றார்.

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்து மகளிடம் சொன்னேன்.

"நெய், அம்மா," என்றாள் இந்த நாட்டு மொழியில், முடியாது என்று. "நான் போகமாட்டன்."

"ஏனடி? எவ்வளவு கெஞ்சி எடுத்துத் தந்திருக்கிறன்! அவளைப் பார், எப்பிடி முன்னுக்கு வாறாள்!"

நான் இப்படியே கத்திக்கொண்டிருக்க, அவளும் கத்தினாள். "அவள் சந்தோசமாய்ப் போறாள் எண்டு நினைக்கிறீங்களோ? வியாழக்கிழமையில பள்ளிக்கூட டொய்லெட்டுக்கை நிண்டு அழுறவள், தெரியுமோ? அந்த ட்ரேனர் ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுறார். நீ வடிவு, நீதான் ஸ்பெஷல், அம்மாக்குச் சொல்லாதை, வாசிச்சிட்டு அழி எண்டு. காருக்கை கையைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டாராம். வேண்டாம் எண்டா டீமால எடுத்துப்போடுவாராம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். 'அப்போ என் மகளை விட அவள் கெட்டிக்காரி இல்லை' என்று ஒரு நிம்மதி வந்தது. ஒரு கணம்தான். பிறகுதான் என் மகளையும் தனியாகக் கூப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

அன்றைக்கே அந்தப் பிள்ளையின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். "தங்கச்சி, அந்த ட்ரேனரோட பிள்ளையைத் தனிய விடாதேங்கோ. பிள்ளைக்குக் கண்ட கண்ட மெசேஜ் எல்லாம் போடுறாராம்" என்று தொடங்கினேன். எனக்குச் சொல்லவும் வரவில்லை. தட்டுத் தடுமாறினேன்.

அவள் இடைமறித்து, "அக்கா, மீட்டிங்ல நீங்க என்ன கேட்டீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டாங்க. உங்க பொண்ணுக்கு டீம்ல சான்ஸ் கெடைக்கலன்னா, அதுக்காக என் பொண்ணைப் பத்தி இப்படியா பேசுவீங்க? ப்ளீஸ்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! பட்டால்தான் தெரியும், எக்கேடு கெட்டுப் போ என்று கைபேசியை எறிந்தேன். அவள் சொன்னதில் பாதி உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. என் மகளை இனி அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று மறித்தேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியாமல் இல்லை. மண்டப வாசலில் யாருக்கு, எந்த இலக்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு டுக்னாட் நாளில் நான்தான் அதை ஒட்டினேன். ஆனாலும் ஐந்து நாள் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சொன்னால், எரிச்சலில் சொல்கிறாள் என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்?

ஆறாம் நாள் வியாழக்கிழமை. ஜன்னலுக்கே போகக்கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். முடியவில்லை, திரும்பினேன். சாம்பல் நிறக் கார் நின்றது. அந்தப் பிள்ளை கதவருகே நின்று ஏறாமல் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் கட்டியது. எத்தனை வியாழன் இதைப் பார்த்திருக்கிறேன்! அப்போதெல்லாம், 'மகாராணிக்கு ஏறுவதற்கும் பஞ்சி, சோம்பல்' என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுச் செருப்போடு படியில் ஓடினேன். பனி காலுக்குள் போனது. நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை ஏறிவிட்டது. கண்ணாடியில் தட்டினேன். அவன் கண்ணாடியை இறக்கி, "ஏதாவது பிரச்சினையா?" என்று அதே சிரிப்போடு கேட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"இறங்கு பிள்ளை. எங்கட வீட்டை சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை, பிள்ளை இறங்கி என் பின்னால் வந்து நின்றுவிட்டது. பையைக்கூட எடுக்கவில்லை. பையை நான்தான் குனிந்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து முதலில் கழகத்துப் பொறுப்பாளருக்கும், அவள் சொன்னபடி பொலிசுக்கும் எடுத்தேன். பிறகு பிள்ளையின் தாய்க்கு. அன்றிலிருந்து அவனை மண்டபத்துக்குள் விடவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. மற்றதைப் பொலிஸ் பார்க்கட்டும்.

அடுத்த கிழமை கழகத்துப் பொறுப்பாளர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். எப்போது தொடங்கியது, யாருக்கு என்ன தெரியும் என்று எழுதிப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டுமாம். அந்தத் தாய் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைகளில் அணி முழுவதற்கும் பயிற்சி என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் வேலை முடிந்து வெஸ்ட்லிக்கு வர ஏழு மணி. கூட்டத்தில் நான் கேட்டதையும் எரிச்சல் பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள்; அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் கைபேசியை எடுத்து அந்தப் பட்டியலைக் காட்டினேன். பொறுப்பாளர் வாசித்துவிட்டு, இது பெரிய உதவி, இவ்வளவு துல்லியமாக யாரும் குறித்து வைப்பதில்லை என்று என்னைப் புகழ்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கைபேசி அந்தத் தாயின் கைக்குப் போனது. பதினொரு வியாழக்கிழமைகள். ஒவ்வொன்றாக விரலால் தள்ளி வாசித்தாள். பட்டியல் முடிந்தும் கீழே இன்னும் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்திருக்கீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "தனியா போறா, முன் சீட்டு, கார்லயே ரொம்ப நேரம் இருந்தாங்க... இதெல்லாம் பார்க்கிறப்போ என்னன்னு நினைச்சீங்க அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்தேகமாக இருந்தது, அதனால்தான் குறித்தேன் என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பியிருப்பார்கள். பொறுப்பாளர் என்னை ஏற்கெனவே நல்லவளாக்கி வைத்திருந்தாள்.

"அதிர்ஷ்டம் எண்டு நினைச்சன்" என்றேன். "அது ஏன் என்ரை பிள்ளைக்கு இல்லை எண்டு நினைச்சன்."

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பொறுப்பாளர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அவள் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றாள்.

அந்தத் தாய் கைபேசியை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு நார்வேஜியன் வராதுக்கா. நீங்களே சொல்லுங்க."

நான் ஒன்றையும் மறைக்காமல் அப்படியே சொன்னேன். பொறுப்பாளர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்து, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். இன்னொரு முறை சொன்னேன்.