மீன்காரர் கேட்ட ஒரு வரி

பென்னாகரம் சாலையில் ஞாயிறுதோறும் மீன் விற்பவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. பேசும்போது வலக்கையை ஐஸ் பெட்டிக்குள் புதைத்துக்கொள்வார். விரல்கள் வெளுத்த பிறகுதான் வெளியே எடுப்பார்.

பனிக்கட்டிக்குள் மணிக்கணக்கில் அமர்ந்து சாதனை செய்யும் வெளிநாட்டு வீரர் ஒருவரைப் பற்றி, இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழ்க் கட்டுரை எழுதியிருந்தேன். அதை யாரிடமோ கேள்விப்பட்டு ஒருநாள் சொன்னார்:

“எம் பையன் அந்தாளு வீடியோவப் பாத்துத்தானுங்க சார், தொட்டியில ஐஸக் கொட்டி மூச்ச அடக்கிப் படுத்தான். எந்திரிக்கவே இல்லீங்க. அத ஒரு வரி சேத்துடுங்க. படிக்கிற இன்னொருத்தனாவது சுதாரிப்பான்.”

அடுத்த வாரம், அவர் மகன் இறந்த பழைய செய்தியைத் தேடிப் படித்துவிட்டுப் போனேன்.

“கால் வழுக்கித் தொட்டியில விழுந்ததாத்தான் பேப்பர்ல இருக்குங்க. அச்சுல வராததைச் சேர்க்கக் கூடாதுங்கிறது கலைக்களஞ்சியத்தோட விதிங்க.”

“நாங்கதான் அப்படிச் சொன்னோம். தற்கொலைன்னு ஊரு பேசிடும்னு பயமுங்க.” கையை ஐஸுக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தார். “இது ஒடம்புக்கு நல்லதுன்னு அந்தாளு சொன்னத, அவரு சொன்னாருன்னு போட்டிருக்கீங்களாம். நான் சொல்றத நான் சொன்னேன்னு போடக் கூடாதுங்களா?”

“அவர் சொன்னது பத்திரிகையில வந்திருக்குங்க.”

“எம் பொய்யும் வந்திருக்குதே சார்.”

அந்த விதி சரி என்றுதான் இன்றும் நம்புகிறேன். அந்தக் கட்டுரையில் ஆதாரமில்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இப்போதும் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். பையைக் கொடுக்கும்போது, “இன்னும் அப்படியேதான் இருக்குதுங்களா சார்?” என்று கேட்பார்.

“ஆமாங்க” என்பேன்.

அடுத்த ஞாயிறும் கேட்பார்.